எலக்ட்ரான்கள் ஒதுங்கும் விதம்: ஹீலியம் அணுவிலிருந்து இருபரிமாணத் தளம் வரை

1913இல் நீல்ஸ் போர் விளக்கிய ஹைட்ரஜன் அணுவில் இருப்பது ஒரே ஓர் எலக்ட்ரான். அதை அணுவிலிருந்து பிரித்தெடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும் என்பதை ஒரு பக்கத் தாளில் கணக்கிட்டு முடித்துவிடலாம். தனிம அட்டவணையில் அடுத்து நிற்கும் ஹீலியத்தில் எலக்ட்ரான்கள் இரண்டு. அந்த ஓர் எலக்ட்ரான் கூடியதுமே போரின் கொள்கை கைவிரித்துவிட்டது. 1926இல் குவாண்டம் இயக்கவியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்த பிறகும் ஹீலியத்துக்கு அதை எழுத முடிந்ததே தவிர, ஹைட்ரஜனுக்குப் போலத் தீர்த்துவிட முடியவில்லை. இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒன்று எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மற்றொன்று தன் இடத்தை மாற்றிக்கொள்கிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியாக எடுத்துக் கணக்கிட வழியில்லை.

அணுக்களிலும், ஒரு தளத்திலோ ஒரு கோட்டிலோ அடைபட்ட எலக்ட்ரான் கூட்டங்களிலும் நூறு ஆண்டுகளாக நடந்துவரும் கோட்பாட்டு ஆய்வுகளில் பெரிய திருப்பங்கள் பலவும், எலக்ட்ரான்கள் ஒன்றுக்கொன்று எப்படி ஒதுங்கிக்கொள்கின்றன என்பதை அலைச்சார்பில் (எலக்ட்ரான்கள் எங்கெங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத் தரும் கணிதச் சார்பில்) எழுதக் கற்றுக்கொண்ட தருணங்களாகவே எனக்குத் தோன்றுகின்றன. அந்த இழையைப் பிடித்துக்கொண்டே இந்தக் கட்டுரை செல்கிறது.

ஹீலியத்தின் எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். அதன் இரண்டு எலக்ட்ரான்களையும் நீக்க 79.0 எலக்ட்ரான் வோல்ட் தேவை: முதலாவதற்கு 24.6, இரண்டாவதற்கு 54.4. எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கலை அறவே மறந்துவிட்டுக் கணக்கிட்டால் 108.8 வருகிறது, இது மிக அதிகம். விலக்கலை ஒரு சிறு திருத்தமாகச் சேர்த்தால் 74.8க்கு இறங்கிவிடுகிறது. ஓர் எலக்ட்ரான் அணுக்கருவை மற்றொன்றிடமிருந்து ஓரளவு மறைக்கிறது என்பதைக் கணக்கில் கொண்டால் 77.5 கிடைக்கிறது. ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்றதன் சராசரிப் பரவலை மட்டுமே உணர்கிறது என்ற அனுமானத்தின் எல்லைவரை போனால் 77.9. அதற்கு மேல் அந்த வழி நகராது. மீதமுள்ள 1.1 எலக்ட்ரான் வோல்ட், மொத்தத்தில் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவுதான். ஆனால் வேதிப் பிணைப்புகளின் ஆற்றலே சில எலக்ட்ரான் வோல்ட்டுகள் என்பதால், அந்தச் சிறு தொகையை விட்டுவிட்டால் வேதியியலின் அடிமடியிலேயே கை வைத்ததாகிவிடும்.

சராசரி என்ற சொல்லில்தான் குறை ஒளிந்திருக்கிறது. ஒரு வீட்டில் இருவர் குடியிருக்கிறார்கள், இருவருக்கும் ஆகாது. ஒருவர் கூடத்தில் சராசரியாக எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரிந்து பயனில்லை. இந்த நொடியில் அவர் கூடத்தில் இருக்கிறாரா என்பதுதான் தெரிய வேண்டும். எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று நொடிக்கு நொடி தவிர்க்கின்றன. நார்வே நாட்டின் எகில் ஹில்லராஸ், கோட்டிங்கனில் மாக்ஸ் போர்னிடம் பணியாற்றியபோது இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். 1929இல் அவர் கண்ட தீர்வு எளிமையானது: இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடையிலான தூரத்தையே ஒரு மாறியாக அலைச்சார்புக்குள் நேரடியாக எழுதிவிட்டார். அப்படிக் கட்டிய சார்பில் வெறும் மூன்று எண்களைச் சரிசெய்த அளவிலேயே விடை ஏறக்குறைய 78.98 எலக்ட்ரான் வோல்ட்டை எட்டிவிட்டது. கணினிகள் இல்லாத காலத்தில், மேசைக் கணக்கு எந்திரத்தின் துணையோடு செய்த வேலை அது. குவாண்டம் இயக்கவியல் ஓர் எலக்ட்ரானுக்கு மட்டுமன்றிப் பல எலக்ட்ரான்களுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை உறுதிப்பட்டதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்குண்டு.

1957இல் டோசியோ காட்டோ என்னும் கணிதவியலாளர், இரண்டு எலக்ட்ரான்கள் சந்திக்கும் புள்ளியில் சரியான அலைச்சார்புக்கு ஒரு கூர்முனை இருந்தே தீர வேண்டும் என்று நிறுவினார். இடைத்தூரத்தை நேரடியாக எழுதாத சார்புகளுக்கு அந்த முனை எளிதில் வராது. எத்தனை உறுப்புகளைச் சேர்த்தாலும் மெல்ல மெல்லத்தான் அதை நெருங்கும். ஹில்லராஸ் சார்பின் வெற்றிக்கு அடிப்படை இதுதான்.

அணுவில் எப்போதும் ஒரு தலைவர் உண்டு, அணுக்கரு. எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கல் எவ்வளவு தொல்லை கொடுத்தாலும் அணுக்கருவின் ஈர்ப்புக்கு அடங்கியே இருக்கும். அணுக்கரு இல்லாத இடத்தில்கூட, எலக்ட்ரான்களைக் கட்டிப்போட ஏதேனும் ஒரு வலுவான பிடி இருந்தால் அணுவின் சாயல் வந்துவிடுகிறது. 1996இல் சீகோ தருச்சாவும் ஜப்பானிய, டச்சு ஆய்வாளர்களும் குறைகடத்தியில் வட்டத் தட்டு வடிவில் ஒரு சிறு தீவை அமைத்து, எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அதற்குள் சேர்த்தார்கள். 2, 6, 12 என்ற எண்ணிக்கைகளில் தீவு தனி நிலைப்பாட்டைக் காட்டியது. மந்த வாயுக்களில் எலக்ட்ரான் ஓடுகள் நிரம்புவதைப் போன்றது இது. முப்பரிமாண அணுவின் 2, 10, 18 என்ற வரிசைக்குப் பதிலாக இருபரிமாணத் தட்டுக்கு உரிய வரிசை வந்தது. பாதி நிரம்பிய ஓட்டில் எலக்ட்ரான்கள் தற்சுழற்சியை ஒரே திசையில் வைத்துக்கொள்ளும் ஹுண்ட் விதியும் அங்கே தலைகாட்டியது. செயற்கை அணு என்று இதை அழைப்பது வெறும் உவமை அல்ல.

அந்தப் பிடியையும் தளர்த்திவிட்டால் என்ன ஆகும்? அணுக்கரு இல்லை, தீவின் கரை இல்லை. பரந்த ஒரு தளத்தில் எலக்ட்ரான்கள் மட்டும். இது கற்பனைத் தளம் அன்று. சிலிக்கானும் அதன் ஆக்சைடும் சந்திக்கும் எல்லையிலும், காலியம் ஆர்செனைடும் அதனோடு அலுமினியம் கலந்த அதன் உறவுப் பொருளும் சந்திக்கும் எல்லையிலும், சுமார் 10 நானோமீட்டர் தடிப்புள்ள இடத்தில் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடிக்கலாம். தளத்துக்குச் செங்குத்தான அசைவுக்கும் குவாண்டம் ஆற்றல் மட்டங்கள் உண்டு. அவற்றில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளியைத் தாண்டும் ஆற்றல் குளிர்ந்த நிலையில் எந்த எலக்ட்ரானுக்கும் கிடையாது. ஆகவே மூன்றாவது பரிமாணம் உறைந்துவிடுகிறது.

இந்தத் தளத்துக்குச் செங்குத்தாக வலுவான காந்தப்புலத்தைச் செலுத்தினால், தளத்துக்குள் நடக்கும் இயக்கமும் கட்டுக்குள் வருகிறது. எலக்ட்ரான் வட்டமடிக்கத் தொடங்குகிறது. லெவ் லாண்டாவ் 1930இல் காட்டியபடி, அந்த வட்ட இயக்கத்தின் ஆற்றல் சம இடைவெளி கொண்ட படிகளாக மட்டுமே அமைய முடியும். 15 டெஸ்லா புலத்தில், காலியம் ஆர்செனைடில், ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உண்டு. வெப்பநிலையில் சொன்னால் ஏறத்தாழ 300 கெல்வின். சோதனைகள் நடப்பதோ ஒருசில கெல்வினிலும் அதற்குக் கீழும். ஆகவே எலக்ட்ரான்கள் எல்லாம் அடியில் உள்ள முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. அந்தப் படியில் இடத்துக்கும் பஞ்சமில்லை: ஒவ்வொரு காந்தப் பாயக் குவாண்டத்துக்கும், அதாவது காந்தப் பாயத்தின் ஒவ்வோர் அடிப்படை அலகுக்கும், ஓர் இருக்கை வீதம், 15 டெஸ்லாவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 36,000 கோடி இருக்கைகள். அத்தனை இருக்கைகளுக்கும் ஒரே ஆற்றல்தான்.

சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. இயக்க ஆற்றல் எல்லா எலக்ட்ரான்களுக்கும் ஒரே மாறிலியாகிவிட்டதால், அது கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. எந்த இருக்கையில் யார் அமர்வது என்பதைத் தீர்மானிக்க எஞ்சியிருப்பது பரஸ்பர விலக்கல் மட்டுமே. ஹீலியத்தில் சிறு திருத்தமாக நுழைந்தது இங்கே முழு அரசாட்சியையும் எடுத்துக்கொள்கிறது. சிறியதென்று எதையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் படிப்படியாகத் திருத்திச்செல்லும் வழக்கமான முறைக்குத் தொடக்கப்புள்ளியே இல்லை.

இருக்கைகள் முழுதும் நிரம்பியிருந்தால் இந்தச் சிக்கல் எழாது. இடம் மாற வழியில்லாததால் விலக்கலுக்கும் வேலையில்லை. காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே மின்னழுத்தம் தோன்றுவதை எட்வின் ஹால் 1879இல் தங்கத் தகட்டில் கண்டிருந்தார். 1980 பிப்ரவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் கிளௌஸ் ஃபான் கிளிட்சிங் அதையே சிலிக்கான் தளத்தில் அளந்தபோது, குறுக்குத்தடை 25,812.8 ஓம் என்ற எண்ணை முழு எண்களால் வகுத்த மதிப்புகளில் படிப்படியாக நின்றது. மாதிரியின் வடிவமோ மாசோ அந்த எண்ணைத் தொடவில்லை. அளவு முறையிலேயே இடம்பெறும் அளவுக்கு அதன் துல்லியம் உயர்ந்தது. இதன் காரணத்தை 1981இல் ராபர்ட் லாஃப்லினும், 1982இல் டேவிட் தௌலஸும் அவருடைய கூட்டாளிகளும் விளக்கினார்கள். அந்த விளக்கங்களில் எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கலுக்கு முக்கிய இடமில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுச்செல்கிறேன்; தனிக் கட்டுரைக்கு உரிய அழகு அது.

அடுத்தது எதிர்பாராமல் வந்தது. யூஜின் விக்னர், எலக்ட்ரான்களை அடர்த்தி குறைவாக வைத்தால் அவை ஒன்றையொன்று தவிர்க்கும் முயற்சியில் படிகம்போல் அணிவகுத்துவிடும் என்று 1934இல் சொல்லியிருந்தார். திரவ ஹீலியத்தின் மேற்பரப்பில் மிதக்கும் எலக்ட்ரான்கள் அப்படிப் படிகமாவது 1979இல் காணப்பட்டது. காந்தப்புலத்தில் உள்ள தளத்திலும் அதைப் பார்க்க டேனியல் சுயியும் ஹோர்ஸ்ட் ஸ்டோர்மரும் விரும்பினார்கள். ஆர்தர் காசர்டு வளர்த்த காலியம் ஆர்செனைடு மாதிரியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12,300 கோடி எலக்ட்ரான்கள் இருந்தன. 1981 அக்டோபரில், எம்.ஐ.டி.யின் காந்த ஆய்வகத்தில், வரைபடத் தாளில் கோடு விழுந்துகொண்டிருந்தது. இருக்கைகள் முழுதும் நிரம்பும் 5 டெஸ்லாவைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு கோட்டில் புதிய படி ஒன்று எழுந்தது. புலமற்ற புள்ளிக்கும் முழு நிரப்புப் புள்ளிக்கும் இடையிலான தூரத்தைச் சுயி இரண்டு விரல்களால் பிடித்து, அதே அளவால் புதிய படியின் இடத்தை அளந்தார். மூன்று வந்தது. குவார்க்குகள் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதாக ஸ்டோர்மர் பிற்பாடு நினைவுகூர்ந்தார். குவார்க்குகள் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் மின்னூட்டம் கொண்ட அடிப்படைத் துகள்கள்; அப்படிப்பட்ட மின்னூட்டம் என்ற எண்ணம் விரல் அளவிலேயே அவருக்கு வந்துவிட்டது. அவர்கள் தேடிப்போன படிகம் அது அன்று. மூன்று இருக்கைக்கு ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கில் ஏதோ ஒரு புதிய ஒழுங்கு.

அப்போது கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் இருந்த லாஃப்லின் 1983இல் அதற்கான அலைச்சார்பை எழுதினார். அதை அவர் சமன்பாட்டிலிருந்து வருவிக்கவில்லை, ஊகித்தார். ஆனால் அந்த ஊகத்தை நெருங்கிப் பார்த்தால், தப்ப வழியின்றி அது வந்து சேர்ந்தது புரியும். தளத்தில் ஒவ்வோர் எலக்ட்ரானின் இடத்தையும் ஒரு கலப்பெண்ணால் குறிக்கலாம். முதல் படியில் நிற்க வேண்டுமென்றால், ஓர் அடங்கிய பரவலைக் காட்டும் பொதுக் காரணியைத் தவிர, அலைச்சார்பு அந்தக் கலப்பெண்களின் பல்லுறுப்புக் கோவையாக மட்டுமே இருக்க முடியும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்க்க வேண்டுமென்றால், ஒவ்வொரு சோடிக்கும் இடையிலான வேறுபாடு அதில் காரணியாக வர வேண்டும். ஹில்லராஸ் இடைத்தூரத்தை எழுதியதைப் போலவே. இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் சார்பின் குறி மாற வேண்டும் என்பது பௌலியின் விதி. ஆகவே அந்த வேறுபாட்டின் அடுக்கு ஒற்றைப்படை எண்ணாக இருந்தாக வேண்டும். 1, 3, 5 என்பவையே மிஞ்சுகின்றன. ஹில்லராஸுக்குச் சரிசெய்ய மூன்று எண்கள் இருந்தன. லாஃப்லினுக்குச் சரிசெய்ய எதுவுமே இல்லை.

அடுக்கு 3 என்றால் என்ன நடக்கிறது? இரண்டு எலக்ட்ரான்கள் நெருங்கியிருக்கையில், அவற்றின் இடைத்தூரம் இன்னும் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுக்கு 1 ஆக இருந்தால், அதாவது பௌலி விதி கேட்கும் குறைந்தபட்ச ஒதுக்கம் மட்டும் இருந்தால், அப்படி நெருங்கும் நிகழ்தகவு நான்கில் ஒன்றாகக் குறையும். அடுக்கு 3 ஆனால் அது அறுபத்து நான்கில் ஒன்றாகிவிடுகிறது. ஒரு சோடியல்ல, கூட்டத்தில் உள்ள அத்தனை சோடிகளும் ஒரே நேரத்தில் இந்த அளவுக்கு விலகி நிற்கின்றன. இருந்தும் அது படிகம் ஆகவில்லை. யாருக்கும் நிலையான இடமில்லாத ஒரு திரவமாகவே ஓடுகிறது.

இருக்கைக் கணக்கும் தானாகவே வந்து பொருந்துகிறது. 10 எலக்ட்ரான்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மற்ற ஒன்பதோடு சோடி உண்டு. அடுக்கு 3 என்பதால் கோவையின் உயர்ந்த படி 27. சுழியத்திலிருந்து எண்ணினால் 28 இருக்கைகள். கூட்டம் பெரிதாகப் பெரிதாக இந்த விகிதம் மூன்றுக்கு ஒன்று என்பதை நெருங்கும். 28 இருக்கைகளில் 10 எலக்ட்ரான்களை அமர்த்த 1,31,23,110 வழிகள் உண்டு. சரியான நிலை அவற்றில் ஏராளமானவை கலந்த ஒரு கலவை. அந்தக் கலவையை ஒரே வரியில் எழுதிவிட்டார் லாஃப்லின். மூன்று எலக்ட்ரான்களுக்கு அவரே கணினியில் துல்லியமாகத் தீர்த்து ஒப்பிட்டபோது இரண்டும் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போயின.

இதைவிட வியப்பானது மின்னூட்டம். திரவத்தின் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, எல்லா எலக்ட்ரான்களும் அந்தப் புள்ளியிலிருந்து ஒதுங்கும்படி ஒரு காரணியைப் பெருக்கினால் அங்கே ஒரு சிறு குழி விழுகிறது. அதே புள்ளியில் அதே காரணியை மூன்று முறை பெருக்கினால், அந்த இடத்தில் ஓர் எலக்ட்ரான் இருந்து மற்றவை எல்லாம் அதைத் தவிர்ப்பது போன்ற அதே சார்பு கிடைக்கிறது. குறை ஒன்றுதான், அந்த எலக்ட்ரான் அங்கே இல்லை. ஆகவே மூன்று குழிகள் சேர்ந்தால் ஓர் எலக்ட்ரானின் வெற்றிடம். ஒரு குழிக்கு மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம். எலக்ட்ரானை யாரும் உடைக்கவில்லை; கூட்டம் ஒதுங்கும் விதத்தில்தான் அந்தப் பின்னம் பிறக்கிறது. 1997இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்திலும் பிரான்சின் சாக்லேயிலும் இரண்டு குழுக்கள், மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்து அந்த மூன்றில் ஒரு பங்கைத் தனித்தனியே உறுதிசெய்தன. கூரையில் மழை விழும் ஓசையைக் கேட்டே துளியின் பருமனைச் சொல்வதைப் போன்ற முறை அது. அதன் மறுவருடமே லாஃப்லின், ஸ்டோர்மர், சுயி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் குழிகளுக்குப் பரிமாணத்தோடு ஒட்டிய இன்னொரு குணமும் உண்டு. ஒற்றையடிப் பாதை போன்ற ஒருபரிமாணக் கம்பியில் ஓர் எலக்ட்ரான் மற்றொன்றைச் சுற்றிப் போக முடியாது. முன்னால் நிற்பது நகர்ந்தால்தான் பின்னால் நிற்பது நகரும். அதனால் அங்கே தனி எலக்ட்ரானின் அசைவு என்பதே பொருளிழந்து, மின்னூட்ட அலையும் தற்சுழற்சி அலையும் வெவ்வேறு வேகத்தில் பிரிந்து ஓடுகின்றன. தொமொனாகாவும் லட்டிஞ்சரும் அமைத்த கோட்பாடு அது. முப்பரிமாணத்தில் ஒன்றைச் சுற்றிய பாதையை மேலே தூக்கி அவிழ்த்துவிடலாம். சுற்றியதற்கு அடையாளம் மிஞ்சாது. தளத்தில் மட்டும்தான் சுற்றிப்போகவும் முடியும், சுற்றியதை அழிக்கவும் முடியாது. அதனால் இந்தக் குழிகள் இடம் மாறினால் அலைச்சார்பு குறி மாறாமலும் இருப்பதில்லை, முழுதாக மாறுவதும் இல்லை. இடைப்பட்ட ஒரு கோணத்தில் திரும்புகிறது. இத்தகைய துகள்களின் சாத்தியத்தை லைனாசும் மிர்ஹைமும் 1977இலேயே காட்டியிருந்தார்கள். சோதனையில் அது தெளிவாகத் தெரிய 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றில் ஒன்றோடு விஷயம் நிற்கவில்லை. 2/5, 3/7, 4/9 என்று பின்னங்கள் வரிசையாக வந்தன. லாஃப்லின் சார்பு நேரடியாக அவற்றைத் தரவில்லை. ராஜஸ்தானில் பிறந்து ஜெய்ப்பூரிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் படித்த ஜைனேந்திர ஜெயின் 1989இல் அடுக்கு 3 என்பதை 2, 1 என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்று என்பது பௌலி விதிக்கு உரியது. மீதமுள்ள இரண்டை, ஒவ்வோர் எலக்ட்ரானும் தன்னோடு கட்டிக்கொண்ட இரண்டு சுழல்களாக எடுத்துக்கொண்டால், அந்தக் கூட்டுத் துகள்கள் தம்மைச் சுற்றியுள்ள புலத்தில் பெரும்பகுதியை உணர்வதே இல்லை. 15 டெஸ்லாவில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பிய தளத்தில் அவை உணர்வது 5 டெஸ்லா மட்டுமே. அந்தப் புலத்தில் அவை ஒரு படியை முழுதாக நிரப்பிவிடுகின்றன. இரண்டு படிகளை நிரப்பினால் 2/5, மூன்றை நிரப்பினால் 3/7. விலக்கல் மட்டுமே ஆண்ட, தொடக்கப்புள்ளியே இல்லாத கணக்கு, ஒன்றையொன்று பெரிதாகப் பொருட்படுத்தாத துகள்களின் எளிய கணக்காக மாறிவிட்டது. ஒதுங்கும் வேலையைச் சுழல்கள் முன்கூட்டியே முடித்துவிடுவதால் மிச்சம் அவ்வளவு குறைவு. பாதி நிரம்பிய தளத்தில் அவை உணரும் புலம் சுழியம். அங்கே அவை சாதாரண உலோகத்தின் எலக்ட்ரான்களைப் போல நடந்துகொள்ளும் என்று ஹால்பெரின், லீ, ரீட் மூவரும் 1993இல் வகுத்த கோட்பாட்டையும் சோதனைகள் தாங்கின. இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த ஒரே படைப்பைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஜெயினுக்கு 2025இல் உல்ஃப் பரிசு மோட்டி ஹைப்ளும், ஜேம்ஸ் ஐசன்ஸ்டீன் ஆகியோருடன் பகிர்ந்து கிடைத்தது.

இந்த வரிசைகள் எல்லாவற்றிலும் பின்னத்தின் கீழெண் ஒற்றைப்படை. 1987இல் ராபர்ட் வில்லட்டும் சகாக்களும் 5/2 என்ற இரட்டைப்படைக் கீழெண் கொண்ட பின்னத்தைக் கண்டார்கள். ஒவ்வொரு படியும் தற்சுழற்சியின் இரு திசைகளுக்கும் தனித்தனியே நிரம்புவதால், இங்கே எலக்ட்ரான்கள் இருப்பது இரண்டாவது படியில். அந்தப் படியின் அலைகளில் ஒரு கணு, அதாவது அலை சுழியமாகும் இடம், உண்டு என்பதால், நெருங்கிய தூரத்தில் விலக்கல் சற்றுத் தளர்ந்துவிடுகிறது. முதல் படியில் உலோகம்போல் இருந்த கூட்டுத் துகள்கள் இங்கே சோடி சேர்ந்துகொள்கின்றன என்பது 1991இல் மூரும் ரீடும் எழுதிய அலைச்சார்பின் சாரம். சோடி சேர்வதற்குப் பல வழிகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிய, விளிம்பில் ஓடும் வெப்பத்தை அதன் குவாண்டம் அலகில் அளக்கலாம். மூர், ரீட் சார்பு சரியென்றால் 3.5 வர வேண்டும். எலக்ட்ரான்களையும் காலி இருக்கைகளையும் இடம் மாற்றிய அதன் எதிர்ப்படிவம் சரியென்றால் 1.5. சில எலக்ட்ரான்களுக்குக் கணினியில் துல்லியமாகத் தீர்த்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றையே ஆதரித்தார்கள். 2018இல் வைஸ்மான் நிறுவனத்தில் மிதாலி பானர்ஜியும் சகாக்களும் அளந்தபோது வந்தது 2.5. அந்த எண்ணைத் தரும் அலைச்சார்பையும் கோட்பாட்டாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்; ஆனால் மாசற்ற தளத்துக்கான கணக்கில் அது குறைந்த ஆற்றலோடு வெளிவருவதில்லை. மாதிரியில் தவிர்க்க முடியாமல் இருக்கும் மாசுகள்தான் சோடிகளை இப்படித் திருப்பிவிடுகின்றனவா, அல்லது விளிம்பில் வெப்பம் முழுதாகப் பரவாததால் அந்த எண் வந்ததா என்ற வாதம் அன்றிலிருந்து நடந்துவருகிறது.